அருந்தாத கள்

கீழ்பால் கடல் தன் ஓய்வறியா அலைக்கைகளால் மணற்கரையைத் தடவித் தடவி மீள, மேல்பால் கபாலீச்சரத்துக் கோபுரத்தின் தோள்மீது செங்கதிரோன் சற்றே அமர்ந்து இளைப்பாறி இறங்க, இவ்விரண்டிற்கும் இடையே வெண்கூம்பை வானில் ஊன்றி நிற்கும் சாந்தோம் பெருங்கோயிலின் நிழல் கிழக்கு நோக்கி நீண்டு, நெய்தற் குடில்களின் கூரைகளையும், கரையேறிக் கிடந்த கட்டுமரங்களையும், உலர்த்திய வலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு வந்த அந்தத் தைத் திங்களின் மாலைப்பொழுதை, கற்றறிந்த அன்பர்களே, உங்கள் அகக்கண்ணில் சற்றே நிறுத்திப் பாருங்கள். உலகை உலுக்கிய பெரும்போர் ஓய்ந்து ஓராண்டும் நிறையவில்லை. வானூர்தி வருமோ என்று விளக்கணைத்துக் கிடந்த தெருக்களில் மீண்டும் ஒளி பூத்திருந்தது. பெருங்கோயிலுக்குத் தெற்கே, மீனவர் தெருவும் ஆசிரியர் தெருவும் கூடுமிடத்தில் இருந்த அன்னை மரியாவின் சிறுகோயிலில் அன்று தேர்த்திருவிழா. வாழையும் கமுகும் கட்டிய வாயிலில் மக்கள் வெள்ளமெனத் திரண்டிருந்தனர்.

அக்கூட்டத்தின் முன்வரிசையில், வெள்ளாடையும் தோளில் மடித்திட்ட மேலாடையுமாய், நட்டுவைத்த வேலைப்போல் நிமிர்ந்து நின்றவர் பிரகாசம் என்னும் தமிழாசிரியர். பங்குப் பள்ளியில் ஒரு தலைமுறைக்கும் மேலாகத் தமிழ் பயிற்றி ஓய்வுபெற்றவர். வடசொல் கலவாமல் பேசுவதையே நோன்பாகக் கொண்டவர். தம் பெயரே வடசொல்லாய் அமைந்துவிட்டதற்கு உள்ளூர வருந்தியும், தந்தை இட்ட பெயரை மாற்ற மனமின்றிச் சுமந்து வாழ்ந்தவர். வகுப்பில் அவர் பழந்தமிழர் போர்த்திறம் உரைக்கத் தொடங்கினால், மார்பில் ஏற்ற புண்ணே விழுப்புண் என்றும், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி உயிர்விட்ட மன்னரும் உண்டு என்றும் அவர் குரல் எழுந்து முழங்க, பலகையில் அமர்ந்திருந்த இளைஞர் மயிர் சிலிர்ப்பர். அவ்விளைஞருள் ஒருவனாய் அமர்ந்து அவ்வுரை கேட்டு வளர்ந்தவன்தான் அவருடைய ஒரே மகன் காஸ்பர். சப்பானியர் குண்டுக்கு அஞ்சி மாநகரம் மூட்டை முடிச்சுகளோடு ஊர் ஊராய் ஓடிய அந்த ஆண்டில், ஓடாது நின்று படையில் சேர்ந்தான் அவன். தொடர்வண்டி நிலையத்தில் மகனின் தோளில் கைவைத்துப் பிரகாசம் ஆற்றிய உரையைக் கேட்டு, வழியனுப்ப வந்த அயலார் கண்கலங்கினர்.

பர்மிய மலைகளுக்கு அப்பால், பேராறுகளின்மீது பாலம் அமைக்கும் படையில் பணியாற்றிய காஸ்பர், சென்ற மார்கழியில் வீடு திரும்பினான். வண்டியினின்று இறங்கிய மகனைத் தழுவிக்கொண்ட பிரகாசத்தின் கண்கள், தம்மை அறியாமலே அவன் கையிலும் காலிலும் மார்பிலும் ஒரு வடுவைத் தேடின. எங்கும் ஒரு கீறலும் இல்லை.

"காயம் எதுவும் இல்லப்பா," என்றான் காஸ்பர், தந்தையின் பார்வையை உணர்ந்து. "நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பிட்டாங்க."

"அதனை வெளியார் எவரிடமும் உரைக்க வேண்டா," என்றார் பிரகாசம். மகன் தலையசைத்தான். தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஒரு சுவர் எழுந்தது அந்நொடியில்தான் என்பதை அவர் அப்போது உணரவில்லை.

உண்மை முழுவதையும் அறிந்தவள் காஸ்பரின் மனைவி வெரோனிகா ஒருத்தியே. ஆற்றங்கரையில் பகைவர் எறிகுண்டு வீழ்ந்து பதுங்குகுழி சரிந்ததையும், தோழர் இருவரோடு மண்ணுக்குள் அவன் புதைந்ததையும், முதலில் ஒருவன் குரல் நிற்க, பிறகு உடன்பிறந்தானினும் இனிய கரீமுல்லாவின் குரலும் பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோக, அவ்விருவர் நடுவே உயிரோடு அவன் ஒருவன் மட்டும் தோண்டியெடுக்கப்பட்டதையும் அவளிடம் ஒருமுறை சொன்னான், மறுமுறை சொல்லவில்லை. நீர்க்குவளையை அவன் இரு கைகளாலும் பற்றியே பருகுவான். கதவு அறைந்து சாத்தப்பட்டால் நெடுநேரம் சுவரோடு ஒட்டி நிற்பான். இவற்றையெல்லாம் கண்டும் காணாதார்போல் பிரகாசம் தம் ஏடுகளுக்குள் முகம் புதைத்துக்கொண்டார்.

திருவிழா நாளின் காலையில், மாமனார் முன் பேசிப் பழகாத வெரோனிகா வாசற்படியருகே வந்து நின்றாள்.

"மாமா, தேருக்கு முன்னால வேட்டு போடுவாங்க. அவரால தாங்க முடியாது. வீட்லயே இருக்கட்டும்."

"அஞ்சி ஒடுங்க அவன் குழவியோ? படைக்கோலத்தில் என் மகன் அன்னையின் தேர்முன் நடப்பதை இம்மயிலை காணவேண்டும்," என்றார் அவர்.

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த காஸ்பர் சீருடையை எடுத்து அணிந்தான். பொத்தான்களை அவன் விரல்கள் பொருத்த இயலாமல் நழுவ, வெரோனிகாவே அவற்றைப் பொருத்திவிட்டாள்.

தேர் எழுந்தது. பதினாறு தோள்கள் சுமக்க, பூமாலைக்குள் புதைந்த அன்னையின் திருவுரு, அலையில் ஏறும் படகெனச் சற்றே அசைந்து அசைந்து தெருவில் இறங்க, அதன் முன்னே மார்பில் பதக்கம் மின்ன நடந்துவந்த காஸ்பரைக் கண்டு பெண்டிர் கைகூப்பினர். ஆடவர் தம் மைந்தரைத் தூக்கிக் காட்டினர். பிரகாசத்தின் உள்ளம், நிறைநிலவு கண்ட கடல்போல் பொங்கியது. முதல் வேட்டு தெருக்கோடியில் அதிர்ந்தது. காஸ்பரின் தாடை இறுகியது, ஆயினும் நடந்தான். இரண்டாம் வேட்டு அருகே, கிணற்றடியில் வைத்தது, காதைப் பிளந்தது. அவ்வோசை அடங்குமுன் அவன் நின்ற இடத்தில் அவனைக் காணோம். தேரின் அடியில், சுமப்போர் கால்களுக்கு நடுவே குப்புற வீழ்ந்து, இரு கைகளாலும் தெருமண்ணை வாரி வாரித் தோண்டிக்கொண்டிருந்தான். சுமப்போர் தடுமாற, தேர் ஒருபக்கம் சாய, அன்னையின் மணிமுடி நழுவி ஒருவர் கையில் வீழ, மேளம் நின்றது. அந்த அமைதியில் அவன் குரல் மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

"கரீமுல்லா, பேசுடா. ஏதாவது பேசு. நிறுத்தாத."

அவன் சீருடையின் கீழ்ப்பகுதி நனைந்திருந்ததையும் எல்லாரும் கண்டனர்.

ஊரார் கண்கள் அனைத்தும் மெல்ல மெல்லத் திரும்பிப் பிரகாசத்தின்மீது வந்து தங்கின. அவர் ஒரு தலைமுறைக் காலம் கற்பித்த சொற்கள் அத்தனையும் அக்கண்கள் வழியே தம்மை நோக்கி மீள்வதுபோல் அவருக்குத் தோன்றியது. கோழையின் தந்தை என்று இவர்கள் சொல்லுமுன் தாமே வேறொன்றைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஒரே துடிப்பில், வெள்ளத்தில் வீழ்ந்தவன் கையில் அகப்பட்டதைப் பற்றுவதுபோல், வாயில் வந்ததைப் பற்றினார்.

"பொறுத்தருள்க. குடித்திருக்கிறான். என் மகன் குடித்திருக்கிறான்."

கூட்டம் மூச்சுவிட்டது. அதில் ஓர் ஆறுதல் இருந்தது. "பட்டாளத்துல கீறவன் எவன்தான் ஊத்திக்கல? தூக்குங்கப்பா," என்று யாரோ சொல்ல, சிலர் சிரித்தனர், நால்வர் வந்து அவனை இழுத்து ஓரம் சேர்த்தனர். மண் அப்பிய முகத்தை நிமிர்த்திக் காஸ்பர் தந்தையைப் பார்த்தான். அப்பார்வையில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் பிரகாசம் தாங்கியிருப்பார்.

அன்று சீருடையைத் துவைத்துக் கொடியில் விரித்துக்கொண்டே வெரோனிகா கேட்டாள்: "மாமா, அவர் ஒரு சொட்டு தொட்டதில்ல. உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்," என்றார் அவர்.

அன்றுமுதல் அவருக்கு உணவு படைக்கையில் அவள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

சில நாட்களில் பங்குத்தந்தை வீடுதேடி வந்தார். பங்குப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் பணியைக் காஸ்பருக்கென்றே வைத்திருந்தவர் அவர். அவனைக் குழந்தைப் பருவந்தொட்டு அறிந்தவர். அவன்பால் உண்மையான அன்புடையவர்.

"பிரகாசம் ஐயா, நடந்தது நடந்துபோச்சு. தவக்காலம் வருது. கோயில்ல எல்லார் முன்னாலயும், இனிமே குடியைத் தொடமாட்டேன்னு இவன் ஓர் உறுதிமொழி எடுத்துட்டா, அந்த வேலையைக் கொடுக்க யாரும் தடை சொல்லமாட்டாங்க," என்றார்.

காஸ்பர் தந்தையை ஒருமுறை நோக்கிவிட்டு, "எடுக்கிறேன் சாமி," என்றான்.

அவர் சென்றபின் தந்தை மகனிடம் தாழ்ந்த குரலில், "ஏன் இசைந்தாய்?" என்று வினவினார்.

காஸ்பர் தலை நிமிராமல் சொன்னான்: "குடிகாரன்னா திருந்திட்டேன்னு சொல்லலாம்ப்பா. மன்னிச்சிடுவாங்க. நீங்களும் தலைநிமிர்ந்து நடக்கலாம். அந்த இன்னொண்ணுக்கு என்னன்னு சொல்லி மன்னிப்பு கேக்கறது?"

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, அருந்தாத கள்ளுக்காகக் காஸ்பர் ஊரறிய முழந்தாளிட்டான். பீடத்தின்மேல் தவக்காலத்து ஊதா நிறத் துணி போர்த்தியிருந்த அக்கோயிலில், மெழுகுதிரிகளின் புகை கூரையை நோக்கிக் கோடு கோடாய் ஏற, நடுங்கும் கையைச் சிலுவையின்மீது வைத்து, "நான் இதுவரை செய்த குடி என்னும் பாவத்துக்காக மனம் வருந்துகிறேன்," என்று அவன் ஒவ்வொரு சொல்லாய்ச் சொல்ல, முதல் வரிசையில் அமர்ந்திருந்த பிரகாசம், எழு, எழுந்து உண்மையைச் சொல் என்று தம் நெஞ்சு தம்மைக் குத்துவதை உணர்ந்தார். இருமுறை இருக்கையின் விளிம்பைப் பற்றினார். கால்கள் எழவில்லை. மறமும் மானமும் பற்றி மணிக்கணக்கில் முழங்கிய வாய், அன்று ஒரு சொல்லுக்கு வழியின்றி மூடிக்கிடந்தது. வழிபாடு முடிந்ததும் ஊரார் அவரைச் சூழ்ந்து, நல்ல மகனைப் பெற்றீர் என்று கைபற்றிப் பாராட்டினர். ஒவ்வொரு கையும் அவருக்குத் தணலாய்ச் சுட்டது.

பொய் அத்தோடு அடங்கியிருந்தால் அவரும் அதனோடு வாழப் பழகியிருக்கக்கூடும். ஆனால் சில நாட்கழித்து ஃப்ளோரா என்பவள் அவ்வீட்டு வாயிலில் வந்து நின்றாள். கடலோரக் குடிசையில் கருவாடு உலர்த்தி வாழ்பவள். அவள் கணவர் ஸ்தனிஸ்லாஸ், அத்தெருவில் குடிகாரர் என்றால் முதலில் நினைவுக்கு வரும் மனிதர்.

"தம்பி, நீ வுட்டுட்டேன்னு கோயில்ல சொன்னியே, எப்பிடி வுட்ட? இன்னா மருந்து சாப்ட்ட? எங்க வூட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லேன். நான் கேக்காத ஆளில்ல," என்றாள் அவள், முந்தானையை இரு கையாலும் பிசைந்துகொண்டு.

அவள் முகத்தில் மலர்ந்திருந்த நம்பிக்கையைக் கண்ட காஸ்பர், "அப்புறம் வந்து சொல்றேன்க்கா," என்று அவளை அனுப்பிவிட்டுத் தந்தையிடம் வந்தான். "அந்தம்மாவுக்கு நான் என்னப்பா சொல்லட்டும்?"

"நீ செல்ல வேண்டா. நானே செல்கிறேன்," என்றார் பிரகாசம்.

நண்பகல் வெயிலில், மணல் பாதத்தைச் சுட, அவர் அக்குடிசையின் முன் போய் நின்றார். அத்தனை ஆண்டுகள் அருகருகே வாழ்ந்தும் அவர் கால் அங்கே பட்டதில்லை. உள்ளே ஸ்தனிஸ்லாஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். ஃப்ளோரா பதறி எழுந்து கூடையைக் கவிழ்த்து அமரச் சொல்ல, அவர் அமராமலே சொன்னார்: "அம்மா, என் மகன் குடியை விட்டவன் அல்லன். ஒருநாளும் குடித்தவனே அல்லன். அன்று தேர்முன் நான் உரைத்தது பொய்."

அவள் விளங்காமல் அவரைப் பார்த்தாள். "அப்ப இன்னா ஆச்சு அதுக்கு?"

"அச்சம். வெடியோசை கேட்டால் அவன் மீண்டும் போர்க்களத்துக்கே போய்விடுகிறான். அதை ஊரார்முன் சொல்ல நாணி, குடி என்று சொன்னேன்."

ஃப்ளோரா மெல்ல மணலில் அமர்ந்தாள். அவள் முகத்தில் இருந்த ஒளி அவிந்துவிட்டது. ஆனால் வேறொன்று அங்கே வந்து அமர்ந்தது.

"முன்ன நடந்த பெரிய சண்டையில கப்பலேறி அரபு நாட்டுப் பக்கம் பஸ்ராவுக்குப் போய்ட்டு வந்தாரு இவுரு. வந்த புதுசுல இப்பிடித்தான் வாத்தியாரே. இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில பூந்துக்குவாரு. தெருவே சிரிச்சிது. அதுக்கு அப்பாலதான் குடிக்கவே தொடங்கனாரு. குடிச்சாக்க யாரும் சிரிக்கமாட்டாங்க, திட்டுவாங்க. திட்டு வாங்கறது தேவலாம்னு இருந்திச்சு அவுருக்கு." சற்று நிறுத்தி அவள் கேட்டாள்: "உங்க புள்ள இன்னும் தொடங்கலியே?"

பிரகாசம் குடிசையினுள் கிடந்தவரை நோக்கினார். இளமையில் தேர்சுமக்கும் வரிசையில் முதல் தோளாய் நின்ற ஸ்தனிஸ்லாஸை, குடியன் அன்னையின் தேரைத் தொடலாகாது என்று பங்குக் கூட்டத்தில் எழுந்து பேசி விலக்கிவைத்தவர் தாமே என்பது அவர் நினைவில் எழுந்தது. அன்று அவர் பேச்சு மிக அழகாக இருந்தது என்று பலரும் பாராட்டியிருந்தனர். அவர் வீடு திரும்பும் வழியில் கடற்காற்று மேலாடையை இழுத்து மணலில் புரட்ட, அதை எடுத்துப் போர்த்தவும் தோன்றாமல் நடந்தார்.

பள்ளிப் பணிக்கான ஆணையைப் பெறுதற்கு மகனை அழைத்துக்கொண்டு பிரகாசம் கச்சேரி வீதிவழியே சென்ற நாளில்தான், அவர் வாழ்வின் கடினமான பொழுது வாய்த்தது. கடைகள் நிறைந்து, மாட்டுவண்டிகளும் குதிரைவண்டிகளும் ஆள் இழுக்கும் வண்டிகளும் நெருங்கிய அவ்வீதியில், மூட்டை ஏற்றிவந்த பெருஞ்சரக்குந்து ஒன்றின் சக்கரம் பட்டென வெடித்தது. குதிரை ஒன்று கனைத்து எழுந்தது. காஸ்பர் ஒரு துணிக்கடையின் சுவரடியில் குப்புற வீழ்ந்து, தலையைக் கைகளுக்குள் புதைத்து, மண்ணைப் பிறாண்டத் தொடங்கினான். கடைக்காரரும் வழிப்போக்கரும் சூழ்ந்தனர். அவர்களுள் பங்கைச் சேர்ந்தோரும் இருந்தனர்.

"இன்னா வாத்தியாரே, சத்தியம் பண்ணியும் மறுபடி ஊத்திக்கினாரா?" என்றான் ஒருவன்.

அன்று தேர்முன் வந்த அதே தவிப்பு அவர் நெஞ்சில் எழுந்தது. அதே கண்கள் சூழ்ந்து நின்றன. ஆம் என்றால் போதும்; இரண்டு நாள் பேசிவிட்டு ஊர் மறந்துவிடும்; வேலையும்கூட ஒருவேளை மிஞ்சும். பிரகாசம் தம் கையிலிருந்த ஊன்றுகோலைச் சுவரில் சார்த்தினார். பிறகு, வெள்ளாடை புழுதியில் தோய, மெல்லக் குனிந்து, மகனுக்கு அருகே தெருமண்ணில் தாமும் படுத்தார். அவன் முதுகின்மேல் தம் கையைப் போர்த்தினார். அவன் உடல், கரையில் எறியப்பட்ட மீனைப்போல் அக்கையின் கீழ்த் துடித்தது.

"அவன் குடித்ததில்லை," என்றார், படுத்தபடியே, எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒருநாளும் குடித்ததில்லை. போரில் மண்ணுக்குள் புதைந்து கிடந்தவன். அவ்வச்சம் இன்னும் அவனை விடவில்லை. தேர்முன் நான்தான் பொய் சொன்னேன். கோயிலில் அவன் எடுத்த உறுதிமொழி என் பொய்க்காக எடுத்தது."

பிறகு மகனின் காதருகே குனிந்தபோது, வாழ்நாளெல்லாம் காத்துவந்த செந்தமிழ் அவரை விட்டு எங்கோ போயிற்று. "நான் இருக்கேன்டா. பக்கத்துலதான் படுத்திருக்கேன். நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீ கேட்டுக்கிட்டே இரு," என்றார். எதைப் பேசுவது என்று தெரியாமல், வீட்டுக் கிணற்றைப் பற்றியும், வெரோனிகா காலையில் சமைத்த குழம்பைப் பற்றியும், சிறுவயதில் அவனுக்கு வந்த அம்மையைப் பற்றியும் தொடர்பின்றிப் பேசினார். துடிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. அதுவரை அவர் எழவில்லை. கூட்டத்தில் சிலர் முகம் திருப்பிக்கொண்டனர், சிலர் சிரித்தனர், துணிக்கடைக்காரர் மட்டும் உள்ளிருந்து ஒரு செம்பு நீர் கொணர்ந்து அருகே வைத்துவிட்டுப் போனார்.

அன்பர்களே, உண்மை சொன்னதனால் எல்லாம் இனிதாய் முடிந்தது என்று இக்கதையை முடிக்க எனக்கும் விருப்பமே. ஆனால் நடந்தது அவ்வாறில்லை. திருந்திய குடிகாரனுக்குப் பணி தரத் துணிந்த பள்ளி, அஞ்சி வீழும் ஒருவனிடம் பிள்ளைகளை ஒப்படைக்கத் தயங்கிற்று. பங்குத்தந்தை வருந்தினாரேயன்றி வற்புறுத்தவில்லை. அடையாற்றுக்கு அப்பால், ஆளரவம் அற்ற ஒரு மாந்தோப்பில் மரங்களுக்கு நீர்பாய்ச்சும் பணி காஸ்பருக்குக் கிடைத்தது. அவன் கைந்நடுக்கம் முற்றும் நீங்கவில்லை. ஆயினும் அவ்வாண்டின் மழைக்காலத்தில் குவளையை ஒரு கையால் பற்றிப் பருகத் தொடங்கினான். வெரோனிகா மாமனாருக்கு உணவு படைக்கையில், ஒருநாள், அவர் முகத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா மாமா?" என்று கேட்டாள். அவரால் அன்று உண்ண இயலாமற் போயிற்று.

எஞ்சியிருந்தது ஒன்று. ஸ்தனிஸ்லாஸிடம் தாம் செய்த கொடுமைக்குப் பொறுத்தருளுமாறு வேண்ட, பிரகாசம் ஒரு மாலை மீண்டும் அக்கடலோரக் குடிசைக்குச் சென்றார். அம்முதியவர் வாயிலில் காலை நீட்டி அமர்ந்து, மங்கிய கண்களால் அலைகளை நோக்கிக்கொண்டிருந்தார். அவரருகே மணலில் அமர்ந்து, பங்குக் கூட்டத்தில் தாம் பேசியதையும், தேரினின்று அவரை விலக்கியதையும் பிரகாசம் சொல் தடுமாறச் சொல்லி முடித்தார். ஸ்தனிஸ்லாஸ் பொறுமையாய்க் கேட்டார். பிறகு வந்தவரின் முகத்தை உற்றுப் பார்த்து, பணிவோடு கேட்டார்:

"நீங்க யாருன்னு தெரியலியே ஐயா. வெளியூரா?"

பலவாண்டுக் குடி அவர் நினைவைக் கரையான்போல் அரித்துத் தின்றிருந்தது. தம்மை விலக்கியவரையும் அவர் அறியார், விலக்கப்பட்டதையும் அறியார். பொறுத்தேன் என்று சொல்லவேண்டிய மனிதர் அங்கே அமர்ந்திருந்தும் இல்லாதவராய்ப் போயிருந்தார். பிரகாசம் எழுந்து போகவில்லை. தாம் இவ்வூர்தான் என்றும், இரண்டு தெரு தள்ளியிருப்பவர் என்றும் மெல்லச் சொல்லிவிட்டு, இருள் நீரின்மேல் இறங்கி, கரையின் குடில்களில் ஒவ்வொன்றாய் விளக்கேறும்வரை, கேட்டும் பெறமுடியாமற்போன அப்பொறுத்தலின் அருகே, தலைகுனிந்து அமர்ந்திருந்தார்.